டிரையரில் துணி காயவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் துணி காயவைப்பது ஆண்டில் பாதி நாள் ஒரு கவலைதான். ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, கொடியில் போட்ட துணி நாலு நாள் ஒழுங்காகக் காய்ந்தது என்று மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்காவது காற்றின் துணை உண்டு. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை என்று ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவர்கள் வீட்டில் பள்ளிச் சீருடை மூன்றாம் நாளும் புழுங்கிய வாடையோடுதான் தொங்கும். அதனால்தான் எனக்குத் தெரிந்த வீடுகள் சிலவற்றில் துணி உலர்த்தும் இயந்திரம் வந்து சேர்ந்திருக்கிறது.

வாங்கியவர்கள் சொல்லும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு மணி நேரம் ஓடுகிறது, துணி மட்டும் காயவில்லை. உடனே 'ஹீட்டர் போய்விட்டது', 'போர்டு (இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். என் அனுபவத்தில் இயந்திரம் கெட்டதைவிடக் காற்றின் வழி அடைபட்டதே அதிகம். ஆகவே காசு செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியவற்றை முதலிலும், மெக்கானிக்கின் கையால் ஆக வேண்டியவற்றைக் கடைசியிலும் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த டிரையர்?

நம் பக்கத்தில் 'டிரையர்' என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. இதைப் பிரித்துக்கொள்ளாமல் தேடினால் குறை அகப்படாது. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் வலப்பக்கமோ இடப்பக்கமோ இருக்கும் சிறிய தொட்டியையும் டிரையர் என்றே சொல்கிறோம். அது துணியை வேகமாகச் சுழற்றி நீரைப் பிழிந்தெடுக்குமே தவிர உலர்த்தாது. அதிலிருந்து எடுத்த துணி ஈரமாக இருந்தால் அது பழுதல்ல, அதன் இயல்பே அவ்வளவுதான். இரண்டாவது, துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே டிரம்மில் செய்யும் வாஷர் டிரையர். மூன்றாவது, சூடான காற்றைச் செலுத்தித் துணியை உருட்டி உலர்த்துவதற்கென்றே தனியாக வரும் இயந்திரம். இந்த மூன்றாவது வகையிலும், ஈரக்காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுவது ஒரு மாதிரி, ஈரத்தை உள்ளேயே குளிரவைத்து நீராக்கித் தொட்டியில் சேர்ப்பது இன்னொரு மாதிரி. இயந்திரத்தின் பின்புறத்தில் ஏறத்தாழ நாலு அங்குல அகலத்தில் வட்டமான வாயும், அதிலிருந்து புறப்படும் குழாயும் இருந்தால் முதல் மாதிரி என்று அறியலாம்.

மழைக்காலக் காற்றே ஈரமாக இருக்கும்போது டிரையர் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் கணக்கு வேறு மாதிரி. 26 டிகிரி வெப்பத்தில் முழுக்க ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவிதான் இருக்கும். அதே வெளியை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 130 கிராம் வரை நீராவி அதில் அடங்கும். அடைமழை நாளிலும், சூடாக்கப்பட்ட காற்றுக்குத் துணியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ள இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஈரத்தை வாங்கிய காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். வெளியேற வழியில்லாத டிரையர், மூடியைத் திறக்காமல் அடுப்பில் வைத்த இட்லிப் பாத்திரத்தைப் போலத்தான்: உள்ளே சூடு இருக்கும், ஆவி இருக்கும், உலர்வது மட்டும் நடக்காது.

முதல் படி: தராசு

டிரையரைக் குறை சொல்வதற்கு முன், அதற்குள் எவ்வளவு நீரை அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும். காய்ந்த துணியை ஒரு சாக்குப் பையில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். துவைத்துப் பிழிந்து முடிந்தபின் அதே துணியை மறுபடி நிறுங்கள். நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் பிழியும் முன்திறப்பு மெஷினாக இருந்தால் நாலரை கிலோவை ஒட்டி நிற்கும். 700 சுற்று அளவிலேயே பிழியும் மேல்திறப்பு மெஷினில் 5 கிலோவைத் தாண்டும். ஆறு கிலோ காட்டினால் குறை டிரையரில் இல்லை, பிழிவதில்தான்.

இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே 0.63 யூனிட் மின்சாரம் தேவை. இது இயற்கையின் கணக்கு என்பதால் ஹீட்டரை வைத்து உலர்த்தும் எந்தக் கம்பெனியின் இயந்திரமும் இதைக் குறைக்க முடியாது. (ஹீட் பம்ப் வகை மட்டும், ஆவி குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதால் குறைந்த மின்சாரத்தில் ஒப்பேற்றிவிடுகிறது.) துணியில் ஒன்றரை லிட்டர் இருந்தால் 2000 வாட் ஹீட்டருக்கு ஒரு மணி நேரம் போதும், மூன்று லிட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் பிடிப்பதில் வியப்பில்லை. கூடுதலாக ஒருமுறை பிழிந்தெடுப்பதற்கு ஆகும் மின்சாரம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் படி: ஃபில்டர்

துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் துகளைப் பிடிக்கும் வலை, கதவின் உள்விளிம்பிலோ இயந்திரத்தின் மேல்பகுதியிலோ இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் அதை உருவிப் பஞ்சை விரலால் வழித்தெடுக்க வேண்டும். புதுத் துவர்த்து போட்ட அன்று வலையில் பஞ்சு கம்பளிபோலத் திரண்டிருக்கும். ('துவர்த்து' என்று நாம் துண்டைச் சொல்வதே ஈரத்தை ஒற்றி உலர்த்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான், இயந்திரத்துக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கலாம்.)

பஞ்சை எடுத்துவிட்டோமே என்று நிற்க வேண்டாம். துணியை மென்மையாக்க ஊற்றும் கண்டிஷனர் திரவத்தின் பிசுக்கு வலையின் கண்களில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு வலை சுத்தமாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் வலையைக் குழாயடியில் பிடித்து மெதுவாக நீரை விடுங்கள். நீர் உடனே கீழே இறங்கினால் நல்லது. வலையின்மேல் குளம்போலத் தேங்கி நின்றால், காற்றும் அங்கே அப்படித்தான் நிற்கிறது என்று பொருள். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷும் கொண்டு இருபுறமும் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். வலை இல்லாமல் ஒருமுறைகூட ஓட்டக்கூடாது. பஞ்சு நேரே உள்ளே போய் ஹீட்டர் பக்கம் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

மூன்றாம் படி: வெளியேற்றுக் குழாய்

குழாய் உள்ள மாதிரிகளில் நான் கண்ட குறைகளில் பாதிக்குமேல் இங்கேதான். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது குழாய் நசுங்கிவிடுகிறது. வொர்க் ஏரியாவின் ஒரு மூலையில் டிரையரை வைத்து, ஜன்னல் மறு மூலையில் இருப்பதால் குழாயை இழுத்து வளைத்துக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு வளைவும் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. மழைச்சாரல் உள்ளே வரும் என்று சிலர் குழாயின் வாயை அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். இது எல்லாவற்றிலும் மோசம்: வெளியேறிய ஈரமே திரும்ப டிரையருக்குள் போகிறது, சுவரெல்லாம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. குழாய் கூடியமட்டும் குட்டையாக, வளைவின்றி, உட்புறம் வழுவழுப்பான உலோகத்தில் இருப்பது நல்லது. சுருள் சுருளாக மடியும் மலிவான பிளாஸ்டிக் குழாயின் மடிப்புகளில் பஞ்சு தங்குவதோடு, அது சூட்டுக்கும் ஆகாது.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்து வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, மேற்குச் சுவரில் வைத்த குழாய் வாய்க்குள் புகுந்து டிரையரின் காற்றைத் திருப்பி அனுப்பும். அங்கே குழாயின் வாயைக் கிழக்கு அல்லது வடக்குச் சுவரில் வைப்பதே நல்லது.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி முதல் மே வரை வெயில் போதுமானதாக இருந்ததால் டிரையரை ஒருமுறைகூட ஓட்டவில்லை. ஜூன் முதல் வாரம் மழை பிடித்ததும் ஓட்டினால், இரண்டரை மணி நேரம் ஆகியும் போர்வை பிசுபிசுவென்று இருந்தது. டிரம்முக்குள் கைவிட்டால் வெந்நீர்க் குளியலறையைப் போல ஆவி. வந்து பார்த்த மெக்கானிக் பத்து நிமிடத்தில் போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கணக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மழை விட்ட நேரத்தில் வீட்டின் பின்பக்கம் போய்க் குழாயின் வாயைப் பார்த்தேன். காற்று வரும்போது தானாகத் திறக்க வேண்டிய பிளாஸ்டிக் தகடு அசையவே இல்லை. அதன் கீழ்விளிம்பையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் பருமனில் நாலு குழல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, சிமெண்ட் பூசியதுபோல. திருப்புளி முனையால் நெம்பியபோது மண் உடைந்து, குளவி தன் குஞ்சுக்காகச் சேர்த்துவைத்திருந்த சிலந்திகள் கால் மடங்கிப் பொலபொலவென்று உதிர்ந்தன. தகடு திறந்துகொண்டது. அன்று மாலை அதே போர்வை ஐம்பத்தைந்து நிமிடத்தில் காய்ந்தது.

ஆகவே, கோடை முழுவதும் சும்மா கிடந்த டிரையரை முதல்முறை ஓட்டுவதற்கு முன் வெளிவாயைக் கட்டாயம் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அங்கே கையை நீட்டினால், முகத்தில் ஊதினால் தெரியும் அளவுக்குச் சூடான காற்று வர வேண்டும். காற்று மெலிந்திருந்தால், பின்புறக் குழாயைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இயந்திரத்தின் வாயில் காற்று பலமாக வந்தால் அடைப்பு குழாயில் என்று உறுதி. அங்கேயும் மெலிந்தே வந்தால் அடைப்பு உள்ளே, விசிறிப் பக்கம் இருக்கிறது. கேஸில் இயங்கும் டிரையரில் மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது. நச்சு வாயு அறைக்குள் பரவிவிடும்.

நான்காம் படி: போடும் துணியும் சென்சாரும்

துணி உருண்டு விழுவதற்கு டிரம்மில் பாதி இடமாவது காலியாக இருக்க வேண்டும். வாஷர் டிரையரில் இதை எல்லோரும் தவறவிடுகிறோம்: 8 கிலோ என்று எழுதியிருப்பது துவைக்க மட்டுமே, உலர்த்தும் அளவு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். துவைத்த துணியில் பாதியை எடுத்துவிட்டுத்தான் உலர்த்தும் பொத்தானை அழுத்த வேண்டும். மெல்லிய சட்டையையும் கனத்த ஜீன்ஸையும் சேர்த்துப் போடாதீர்கள். போர்வை பந்தாகச் சுருண்டு, தலையணை உறைகளை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். பாதி நேரத்தில் நிறுத்தி உதறிவிட வேண்டும்.

தானாக நிற்கும் வசதியுள்ள இயந்திரங்களில் டிரம்மின் உள்ளே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றில் படும்போது மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் இயந்திரம் ஈரத்தை அறிகிறது. கண்டிஷனர் பிசுக்கோ உப்புநீரின் படிவோ அதில் படிந்தால், துணி காய்ந்துவிட்டது என்று தவறாக எண்ணிச் சீக்கிரமே நின்றுவிடும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். நேரத்தைக் குறிப்பிட்டு ஓட்டும்போது நன்றாகக் காய்ந்து, தானியங்கி முறையில் மட்டும் ஈரமாக நின்றால் குறை இந்தப் பட்டைகளில்தான்.

ஒரு விஷயத்தில் இந்த மாவட்டத்துக்காரர்கள் தனியாகக் கவனமாக இருக்க வேண்டும். வர்ம வைத்தியத்துக்கும் எண்ணெய்த் தேய்ப்புக்கும் பயன்படுத்திய துணிகளை, துவைத்த பிறகும் எண்ணெய் வாடை இருந்தால், டிரையரில் போடவே கூடாது. சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே வெப்பம் ஏறி, இயந்திரம் நின்ற பின்னும் குவியலாகக் கிடக்கும் துணி தீப்பிடிக்கக்கூடும். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளுக்கும் இதே விதி.

ஐந்தாம் படி: சூடு வருகிறதா?

முதலில், குளிர்காற்று முறையைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். அது இல்லையென்றால், இயந்திரத்தைத் திறக்காமலே ஹீட்டரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மின்சார மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிரையரை மட்டும் ஓட்டுங்கள். ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து 2200 வாட் இழுத்தால் அந்த விளக்கு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை மின்னும். மோட்டார் மட்டும் ஓடினால் நாலைந்து விநாடிக்கு ஒருமுறைதான் மின்னும். முழுநேரமும் மெதுவாகவே மின்னினால் ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை. சிறிது நேரம் வேகமாகவும் பிறகு நெடுநேரம் மெதுவாகவும் மாறி மாறி மின்னினால், காற்று அடைபட்டுச் சூடு மிஞ்சுவதால், சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அடிக்கடி அணைக்கிறது என்று ஊகிக்கலாம். மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

மழைக்காலத்து மாலை நேரங்களில் வோல்டேஜ் குறைவதும் ஒரு காரணம். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு (அதை அதாலேயே பெருக்கி வரும் எண்ணுக்கு) ஏற்ப மாறும் என்பதால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் சூடு ஐந்தில் மூன்று பங்காக இறங்கிவிடும். பகலில் நன்றாகக் காய்ந்து இரவு ஏழு மணிக்குமேல் காயாத வீடுகளில் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசரை இதற்கு மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் ஆகாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்றால் பிளக் முனைகள் பச்சை பிடித்திருக்கும். பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

குழாய் இல்லாத மாதிரிகள்

இவற்றில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை சிலவே. நீர் சேரும் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் கண்டென்சர் பகுதியைக் கழற்றக்கூடிய மாதிரியாக இருந்தால் உருவிக் குழாய் நீரில் அலசி உலர்த்தி மாட்டுங்கள். ஹீட் பம்ப் வகையில் உள்ளே தெரியும் மெல்லிய தகடுகளை மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். அவை விரல்பட்டாலே வளைந்துவிடும். இந்த இயந்திரங்களைச் சிறிய அறையில் கதவைச் சாத்திவைத்து ஓட்டினால் அறையே சூடேறி, ஆவி குளிர்ந்து நீராவது தடைபடும். வாஷர் டிரையர்கள் பலவற்றில் ஆவியைக் குளிரவைப்பதே குழாய்த் தண்ணீர்தான். துவைத்து முடிந்ததே என்று தண்ணீர்க் குழாயை மூடிவிட்டாலோ, மாடித் தொட்டி காலியாகிவிட்டாலோ, மணிக்கணக்கில் ஓடினாலும் துணி காயாது.

பிழியும் தொட்டி சரியாகப் பிழியாவிட்டால்

செமி ஆட்டோமேட்டிக்கில் துணியின்மேல் வைக்கும் வட்ட மூடியைப் பலர் வைப்பதில்லை. துணி மேலே எழும்பித் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். கழிவுநீர்க் குழாயின் முனை உயரத்தில் கிடந்தால் நீர் வடியாமல் தொட்டியின் அடியில் நின்று சுழற்சியை இழுத்துப் பிடிக்கும். மூடியைச் சாத்தியபின்னும் தொட்டி உறுமிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், மூடியோடு இணைந்த பிரேக் கம்பி துருப்பிடித்து, பிரேக் விடுபடாமல் இருக்கலாம். கடலோரத்தில் இது சாதாரணம். கம்பியை மாற்றச் செலவு அதிகமில்லை. கம்பி நன்றாக இருந்தும் உறுமினால், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக் வந்தால்

மேற்சொன்ன எல்லாவற்றையும் பார்த்தும் மீட்டர் விளக்கு மெதுவாகவே மின்னுகிறது, அல்லது மோட்டார் ஓசை கேட்டும் டிரம் சுற்றவில்லை என்றால், இனி மெக்கானிக்கின் வேலை. டிரம் சுற்றாததற்குப் பெரும்பாலும் பெல்ட் அறுந்ததே காரணம். இயந்திரத்தை அணைத்துக் கையால் தள்ளினால் டிரம் தடையே இல்லாமல் லேசாகச் சுழலும். சூடே வராததற்குத் தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட், ஹீட்டர் என்ற வரிசையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் வைக்காமல் போர்டைக் குறை சொல்பவரிடம் இரண்டாவது கருத்து கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால், அது ஏன் போனது என்றும் கேளுங்கள். உள்ளே சூடு மிஞ்சியதால்தான் அது அறுந்திருக்கும். காற்றின் வழியைச் சுத்தம் செய்யாமல் புதியதை மாட்டினால் சில வாரங்களில் அதுவும் போகும். ஃபியூஸை நீக்கிவிட்டு வயரை நேரடியாக முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது.

வேலை முடிந்ததும் அவரை அனுப்பிவிடாமல், முதல் படியில் எடை பார்த்த அதே மூன்று கிலோ துணியை நனைத்துப் பிழிந்து டிரையரில் போட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சாயாவும் ஆகிவிடும்.